கால் சாட்சி, அரைக்கால் சாட்சி

வாசகர் கேள்விகள் - ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: ஐரோப்பாவின் அறிவொளிக் காலச் சிந்தனையாளர்கள் என்று வால்டேர், ரூசோ, மாண்டெஸ்கியூ, லாக் ஆகியோரின் பெயர்களையும் நூல்களையும் மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிட்டேன். 'பகுத்தறிவை முன்வைத்தார்கள்' என்று பாடத்தில் வருகிறது. நிஜத்தில் அவர்கள் என்னதான் செய்தார்கள்?
- கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: ஒரே ஒரு வழக்கைச் சொல்கிறேன் அம்மா. முப்பது வருடம் கிரிமினல் கோர்ட்டில் நின்றவன் நான். அந்தக் காலம் எனக்குப் புரிந்தது இந்த வழக்கின் வழியாகத்தான்.

தெற்கு பிரான்சில் துலூஸ் நகரம். அங்கே ழான் கலாஸ் என்று ஒரு துணி வியாபாரி. கீழே கடை, மேலே வீடு. கத்தோலிக்க நாட்டில் புராட்டஸ்டன்ட் குடும்பம். மூத்த மகன் மார்க் அந்துவான் சட்டம் படித்தவன். ஆனால் வக்கீலாக வேண்டுமென்றால் கத்தோலிக்கர் என்று சான்று காட்ட வேண்டும். அது அவனுக்குக் கிடைக்கவில்லை. 1761 அக்டோபர் 13 இரவு, சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனவனைக் கடையில் பிணமாகத்தான் பார்த்தார்கள்.

தற்கொலை செய்துகொண்டவரின் உடலைத் தெருவில் இழுத்துப்போகும் காலம் அது. அந்த அவமானத்துக்குப் பயந்து, யாரோ கொன்று போட்டிருக்கிறார்கள் என்று வீட்டார் முதலில் சொன்னார்கள். அப்புறம், தூக்கில் தொங்கினான் என்று மாற்றிச் சொன்னார்கள். இதற்குள் வாசலில் கூடிய கூட்டத்தில் எவனோ ஒருவன், 'பையன் மதம் மாற இருந்தான், அதனால் பெற்றவர்களே கொன்றுவிட்டார்கள்' என்று கத்தினான். அன்று இரவே குடும்பத்தோடு கைது.

அடுத்து நடந்ததுதான் என்னை உலுக்கியது. தேவாலயங்களில் ஓர் அறிவிப்பு வாசித்தார்கள். கொலைதான் என்று முன்கூட்டியே முடிவு கட்டி எழுதிய அறிவிப்பு. நேரில் அறிந்தவர்கள் மட்டுமல்ல, காதால் கேள்விப்பட்டவர்களும் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றது. இதை முதல்முறை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் அனுபவத்தில், 'ஊரே பேசிக்குதுங்க' என்று ஒரு சாட்சி ஆரம்பித்தால் உடனே எழுந்து ஆட்சேபிப்பேன். 'நீ பார்த்தியா?' என்று நீதிபதியும் கேட்பார். கலாஸுக்காக எழுந்து நிற்க அங்கே வக்கீலே கிடையாது. 1670-இல் வந்த குற்றவியல் சட்டம் அப்படி. விசாரணை மூடிய கதவுக்குள். தீர்ப்புக்குக் காரணம் எழுதவும் தேவையில்லை.

1762 மார்ச் 10. கலாஸுக்கு 63 வயது. சித்திரவதை செய்தார்கள், நான் கொல்லவில்லை என்றே சொன்னார். பிறகு சக்கரத்தில் கட்டி எலும்புகளை முறித்துக் கொன்றார்கள்.

வால்டேர் அப்போது ஜெனீவா பக்கத்தில் ஃபெர்னே என்ற ஊரில் இருந்தார். செய்தி கேட்டதும் கொதித்தெழுந்துவிடவில்லை. கலாஸ் குற்றவாளியாகவும் இருக்கலாம் என்றுதான் முதலில் எண்ணினார். ஜெனீவாவுக்குத் தப்பி வந்திருந்த கடைசி மகனை அழைத்துப் பேசினார். தெரிந்தவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி விசாரித்தார். அதன் பிறகுதான் நம்பினார். அவர் அடுக்கிய வாதத்தைப் பாருங்கள்: 28 வயது வாலிபனை இந்தக் கிழவர் தனியாகத் தூக்கில் மாட்ட முடியாது. கூட இருந்தவர்கள் உதவியிருக்க வேண்டும். அப்படியானால் அம்மா, தம்பி, விருந்துக்கு வந்த நண்பன், வேலைக்காரி எல்லோரும் குற்றவாளிகள். அந்த வேலைக்காரியோ பக்தியுள்ள கத்தோலிக்கர்; அந்த வீட்டின் இன்னொரு மகன் கத்தோலிக்கராக மாறத் துணை நின்றவரே அவர்தான். அவர் எப்படி இதற்கு உடந்தையாக இருப்பார்? மற்றவர்கள் குற்றவாளிகள் என்றால் அவர்களை ஏன் உயிரோடு விட்டார்கள்? நிரபராதிகள் என்றால் கிழவரை ஏன் கொன்றார்கள்?

நல்ல குறுக்கு விசாரணை என்றால் இதுதான். 1763-இல் மதச் சகிப்பைப் பற்றி ஒரு நூலே எழுதினார். கலாஸின் மனைவி பாரீஸுக்குப் போய் மன்னரின் மன்றத்தில் முறையிட்டார். வழக்கு ஆவணங்களை அனுப்பச் சொல்லி துலூஸுக்கு உத்தரவு போனது. 1764-இல் தீர்ப்பு ரத்தாகி, மரண தண்டனை விதித்து மூன்று வருடம் நிறைந்த நாளில், 1765 மார்ச் 9 அன்று, கலாஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது.

அடுத்த வருடம் வால்டேர் எழுதிய ஒரு விளக்கவுரையை ஒவ்வொரு சட்ட மாணவரும் படிக்க வேண்டும். மிலான் நகரத்து பெக்காரியா, தனது 26-ஆம் வயதில், குற்றங்களும் தண்டனைகளும் பற்றி 1764-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதற்குத்தான் இந்த உரை. துலூஸ் நீதிமன்றம் கால் சாட்சி, அரைக்கால் சாட்சி என்று கணக்குப் போட்டதாம். ஒரு வதந்தி கால், இன்னும் மங்கலான வதந்தி அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு. ஒரே பொய்யின் எட்டு எதிரொலிகளைக் கூட்டினால் முழுச் சாட்சி ஆகிவிடும். கலாஸ் செத்தது ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் என்கிறார். பகுத்தறிவு என்று உங்கள் பாடம் சொல்வது இந்தக் கணக்கை எதிர்த்த சண்டையை, அம்மா.

கேள்வி: அறிவு எப்படி வருகிறது என்று ஆராய்ந்தவர் ஜான் லாக். அவருக்கும் அரசாங்கத்துக்கும் என்ன தொடர்பு?
- ஆசிரியர், மதுரை

பதில்: நேரடித் தொடர்பு இருக்கிறது, சார். மனித அறிவைப் பற்றிய அவருடைய நூல் 1689-இல் வெளிவந்தது. அதில் ஓர் இடத்தில் இங்கிலாந்து நீதிமன்ற வழக்கத்தை எடுத்துச் சொல்கிறார்: சான்றிட்ட நகல் செல்லும், நகலின் நகல் செல்லாது. ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போகப் போக, சாட்சியின் பலம் குறைந்துகொண்டே வரும் என்பது அவர் வாதம். துலூஸின் கூட்டல் கணக்குக்கு நேர் எதிர். அதே வருடம் வெளிவந்த அவருடைய மதச் சகிப்பு பற்றிய கடிதம் இன்னொன்றைச் சொல்கிறது. நம்பிக்கை என்பது மனதுக்குள் நடப்பது, அதை அடித்து உண்டாக்க முடியாது. ஆகவே அது அரசாங்கத்தின் வேலை அல்ல. வால்டேர் 1726 முதல் 1728 வரை இங்கிலாந்தில் இருந்தார். லாக்கைப் புகழ்ந்து அவர் எழுதிய நூலை 1734-இல் பாரீஸில் எரித்தார்கள்.

மாண்டெஸ்கியூவையும் இங்கே சேர்க்க வேண்டும். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் சட்டம் போடுபவரிடமும் ஆள்பவரிடமும் சேர்ந்து இருக்கக்கூடாது என்று 1748-இல் எழுதியவர், தாமே போர்தோ நீதிமன்றத்தில் பதவி வகித்தவர். அன்று பிரான்சில் நீதிபதி பதவியை விலைக்கு வாங்கலாம், விற்கலாம். அவரும் விற்றார்.

கேள்வி: 'நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்' என்ற வால்டேரின் வாசகம் எந்த நூலில் உள்ளது?
- வாசகர், தேனி

பதில்: வால்டேரின் எந்த நூலிலும் இல்லை. அவருடைய மனப்போக்கை விளக்க, எவலின் பியட்ரிஸ் ஹால் என்ற ஆங்கில எழுத்தாளர் 1906-இல் எழுதிய வரி அது. மேடையில் நானும் பல தடவை வால்டேர் பெயரில் சொல்லியிருக்கிறேன். தெரிந்த நாளிலிருந்து நிறுத்திவிட்டேன். அப்புறம், அவரைக் குறையில்லாதவராகவும் எண்ண வேண்டாம். யூதர்களைப் பற்றி அவர் எழுதியவற்றில் சில படிக்கவே கூசும். சாதாரண மக்கள் ஆள்வதைவிட, நல்ல அறிவுள்ள மன்னரையே அவர் நம்பினார்.

கேள்வி: கலாஸ் வழக்கைப் பற்றி முன்பு ஒரு முறை சுருக்கமாக எழுதியிருந்தீர்கள். அந்தக் குடும்பம் பிறகு என்ன ஆனது?
- இல்லத்தரசி, நாகர்கோவில்

பதில்: மன்னர் 36,000 லிவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) கொடுத்தார். குடும்பத்துக்குப் பணம் திரட்டுவதற்காக கார்மோந்தெல் என்ற ஓவியர் வரைந்த படத்தை அச்சிட்டு விற்றார்கள். படத்தில் கலாஸின் மனைவியும் இரண்டு மகள்களும் இருக்கிறார்கள். அன்று விருந்துக்கு வந்த நண்பன் வழக்கறிஞரின் மனுவைப் படிக்க, இறந்தவனின் தம்பி அவன் தோள் வழியாக எட்டிப் பார்க்கிறான். பின்னால் அந்த வேலைக்காரி, ழான் விகியேர், குடும்பத்தில் ஒருத்தியாக நிற்கிறார். அந்தப் படத்தை வால்டேர் ஃபெர்னே வீட்டில் தம் கட்டிலருகே மாட்டி வைத்திருந்தார்.