அவ்வை சண்முகம் எந்தப் பள்ளியில் நடிப்புப் படித்தார்?

நடிப்புப் பள்ளி என்று எதிலும் படிக்கவில்லை. நாடகக் கம்பெனிதான் அவ்வை சண்முகம் எனப்பட்ட நாடக நடிகர் டி.கே.சண்முகத்துக்குப் பள்ளிக்கூடம். 1912-இல் பிறந்தவர். அப்பா கண்ணுசாமிப் பிள்ளை பெண் வேடங்களில் பெயர் பெற்ற நடிகர். 1918-இல் மதுரையில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாய்ஸ் கம்பெனியான (சிறுவர்களே நடிக்கும் நாடகக் குழு) தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் அண்ணன்மாரோடு சேர்ந்தபோது சண்முகத்துக்கு வயது ஆறுதான். அந்த வயதில் பாட்டையும் வசனத்தையும் சொல்லச் சொல்லக் கேட்டு மனப்பாடம் செய்ய வேண்டும். நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது!

அப்புறம், இதைச் சொல்லியே ஆக வேண்டும்: இந்தச் சிறுவன் அபிமன்யுவாக நடிப்பதற்கென்றே சுவாமிகள் ஒரே இரவில் விளக்கொளியில் உட்கார்ந்து 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக எழுதி முடித்தார். எந்த மாணவனுக்குக் கிடைக்கும் இப்படி ஒரு வாத்தியார்? பின்னாளில் நாடகத் தமிழுக்குச் சுவாமிகளே தலைமையாசிரியர் என்று சண்முகம் கொண்டாடியதும் அதனால்தான்.