பிளைண்ட் திருட்டு: இடப்பக்கம் இருப்பது யார்?

கேள்வி: போக்கர் டூர்னமென்ட், ஒன்பது பேர் மேசை. பிளைண்ட் (ஒவ்வொரு கையிலும் இருவர் சீட்டு வருமுன் கட்டும் கட்டாயத் தொகை; சிறியது ஸ்மால், பெரியது பிக்) 500/1,000, பிக் பிளைண்டில் இருப்பவரே எல்லோருக்குமாக 1,000 ஆன்டி (கூடுதல் கட்டாயத் தொகை) கட்டுகிறார். என்னிடம் 25,000 சிப்ஸ். நல்ல சீட்டுக்குக் காத்திருந்தால் கையிருப்பு கரைகிறது. பட்டனிலிருந்து (சீட்டுப் போடுபவரின் இடம்; பிளைண்ட் கட்டும் இருவர் இதன் இடப்பக்கம்) ரெய்ஸ் செய்தால், அதாவது தொகையை உயர்த்தினால், பிக் பிளைண்ட் கால் செய்துவிடுகிறார் (அதே தொகைக்கு ஈடுகட்டுகிறார்). எங்கே தவறுகிறேன்?

பதில்: பட்டன் மேசையை ஒரு சுற்று வருவதற்குள் உங்களிடமிருந்து 2,500 போய்விடுகிறது. சும்மா உட்கார்ந்திருந்தால் பத்தே சுற்றில் காலி. சுற்றுக்கு ஒரு முறை திருடினால், அதாவது ரெய்ஸ் செய்து மற்றவர்களை விலகவைத்து பிளைண்டையும் ஆன்டியையும் எடுத்துக்கொண்டால், அந்த 2,500 திரும்பி வந்துவிடும். அதனால் திருடத்தான் வேண்டும்.

2,200க்கு ரெய்ஸ் செய்கிறீர்கள் என்று வையுங்கள். மேசையில் கிடப்பது 2,500. நூற்றுக்கு 47 முறை பிளைண்டில் உள்ள இருவரும் ஃபோல்டு செய்தாலே (சீட்டை வைத்துவிட்டு விலகினாலே) கைநஷ்டம் இல்லை. ஆன்டி இல்லாத ஆட்டத்தில் இதே ரெய்ஸுக்கு 60 முறை தேவைப்படும். ஆன்டி வந்த பிறகு திருட்டு சூடுபிடிப்பது இதனால்தான்.

பிக் பிளைண்ட் கால் செய்வதைத் தோல்வியாக எண்ணாதீர்கள். அவர் இன்னும் 1,200 போட்டால் 4,700க்கு ஆடலாம். சுமாரான சீட்டோடும் வரத்தான் செய்வார். ஆனால் ஃப்ளாப், அதாவது மேசையில் விரிக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு, வந்த பிறகு அவர்தான் முதலில் பேச வேண்டும், நீங்கள் கடைசியில். ராஜாவோ ஏஸோ விழுந்து அவர் செக் செய்தால் (எதுவும் போடாமல் விட்டால்), 5,900 பாட்டில் (மேசையில் சேர்ந்த மொத்தத் தொகையில்) 2,000 பெட் வையுங்கள். நான்கில் ஒரு முறைக்குச் சற்று மேல் அவர் விட்டுக்கொடுத்தாலே போதும்.

நீங்கள் தவறுவது வேறு இடத்தில் என்று நினைக்கிறேன். ரெய்ஸுக்கு முன் இடப்பக்கத்து இருவரின் சிப்ஸ் எவ்வளவு என்று பார்க்கிறீர்களா? 12,000 முதல் 18,000 வரை வைத்திருப்பவர்தான் ஆபத்து. அவர் ஆல்-இன் போட்டால் (கையிருப்பு முழுவதையும் வைத்தால்) குப்பைச் சீட்டோடு நீங்கள் ஃபோல்டு செய்தாக வேண்டும், 2,200 போச்சு. அப்படிப்பட்டவர் பின்னால் இருந்தால் ஏஸ் உள்ள கைகளைத் தேர்ந்தெடுங்கள். உங்களிடம் ஒரு ஏஸ் இருந்தால், எதிராளிக்கு ஜோடி ஏஸ் அமையும் வழிகள் ஆறிலிருந்து மூன்றாகக் குறையும். ஏஸ்-ராஜா 16லிருந்து 12 ஆகும். பரிசு வரம்புக்கு இன்னும் ஓரிருவர் வெளியேற வேண்டிய நேரத்தில், நடுத்தர சிப்ஸோடு பதுங்கி ஆடுபவரின் பிளைண்டைத்தான் நான் குறிவைப்பேன். உங்களை ஒரே கையில் வெளியேற்றக்கூடிய பெரிய கையிருப்புக்காரரை அப்போது சீண்டாதீர்கள்.

ரெய்ஸ் அளவை மாற்றவே மாற்றாதீர்கள். ஜோடி ராஜா வந்தாலும் 2,200, ராஜா-9 வந்தாலும் 2,200. நல்ல கைக்கு ஒரு தொகை, திருட்டுக்கு ஒரு தொகை என்று ஆடினால் கவனிக்கிற ஆள் இரண்டே சுற்றில் பிடித்துவிடுவார்.

கையிருப்பு 10,000க்குக் கீழே இறங்கிவிட்டால் இந்தச் சின்ன ரெய்ஸ் வேண்டாம். அப்போது ஆல்-இன், இல்லையென்றால் ஃபோல்டு.