வீட்டுப் பத்திரமும் முப்பது மடங்கு லாபமும்

கேள்வி: சார், ‘ஸ்ப்ளிட்’ படத்துக்காக வீட்டையே அடமானம் வைத்தார் ஹாலிவுட் இயக்குநர் மனோஜ் நைட் ஷியாமளன். செலவு 90 லட்சம் டாலர், வசூல் 27.8 கோடி டாலர். முப்பது மடங்கு லாபம்! மாஹேயில் பிறந்த நம்மவர் செய்து காட்டியதை நம்ம ஊர் சிறு பட்ஜெட் தயாரிப்பாளர்கள் ஏன் செய்வதில்லை? – ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: அடமானத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். சினிமாச் செய்தியில் அந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். நம் ஊரில் ஒரு படம் ஓடிவிட்டால் போதும், சக்சஸ் மீட்டில் மைக்கைப் பிடித்ததும் “வீட்டை வச்சுத்தான் சார் எடுத்தேன்” என்பார் தயாரிப்பாளர், கைதட்டல் கிளம்பும், மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதுதான் தலைப்பு. அதே வருஷம் வீட்டை வைத்துப் படம் எடுத்து, படம் வெள்ளிக்கிழமை வந்து திங்கட்கிழமை தியேட்டரை விட்டுத் தூக்கப்பட்டு, பத்திரம் பைனான்சியரிடமே தங்கிவிட்ட எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை, பேட்டியும் எடுப்பதில்லை. மாதம் மூன்று வட்டி என்றால் வருஷத்துக்கு 36 சதவீதம். படம் ரிலீஸ் ஆகாமல் இரண்டு வருஷம் கிடந்தால் வாங்கிய கடனில் முக்கால் பங்குக்கு வட்டியே வந்து நிற்கும். இதைப் படிக்கும் யாராவது வீட்டுப் பத்திரத்தைப் பீரோவிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து திரும்ப உள்ளே வையுங்கள்.

சரி, ஷியாமளனுக்கு வருவோம். வீட்டின் மேல் கடன் வாங்கி அவர் எடுத்த படம் ‘தி விசிட்’, 2015-இல் வந்தது, 50 லட்சம் டாலர் படம். ‘ஸ்ப்ளிட்’ அதற்கு அடுத்தது. ‘தி விசிட்’ எடுக்கும்போது அவர் யார் என்பதையும் பாருங்கள். 1999-இல் ‘தி சிக்ஸ்த் சென்ஸ்’ எடுத்து உலகம் முழுக்க 67 கோடி டாலர் வசூல் பார்த்தவர். அதற்கப்புறம் 15 கோடி டாலரில் ‘தி லாஸ்ட் ஏர்பெண்டர்’, 13 கோடியில் ‘ஆஃப்டர் எர்த்’ என்று பெரிய ஸ்டுடியோப் பணத்தில் எடுத்து, விமர்சகர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர். யாருடைய பணத்துக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்றுதான் சொந்தப் பணத்துக்கு வந்தார். அவர் வைத்தது சம்பாதித்த சொத்தின் ஒரு பகுதி. படம் படுத்திருந்தால் அவமானமும் நஷ்டமும் வந்திருக்கும், ஆனால் குடும்பம் தெருவுக்கு வந்திருக்காது. முதல் படம் எடுக்கும் நம் பையன் வைப்பது அப்பா கட்டிய ஒரே வீட்டை. இரண்டையும் ஒரே சொல்லால் சொல்வது அநியாயம்.

அப்புறம் உங்கள் முப்பது மடங்கு. 27.8 கோடி டாலர் என்பது ரசிகன் கவுண்ட்டரில் கொடுத்த காசு, ஷியாமளன் பையில் விழுந்தது அல்ல. அதில் சுமார் பாதி, 13.8 கோடி, வட அமெரிக்காவில் வந்தது. அங்கே பொதுவாக பாதிக்குப் பாதி தியேட்டருக்குப் போகும். வெளிநாட்டில் தயாரிப்புத் தரப்புக்குத் திரும்புவது அதைவிடக் குறைவு. தோராயமாகப் பார்த்தால் 12 கோடி சொச்சம்தான் விநியோகித்த யூனிவர்சலுக்கே வந்து சேர்ந்திருக்கும். அதில் விளம்பரச் செலவை முதலில் கழிப்பார்கள். இது முக்கியம். ஆயிரக்கணக்கான தியேட்டரில் ஒரே நாளில் ஒரு படத்தை இறக்க அமெரிக்காவில் ஆகும் விளம்பரச் செலவு, இந்த மாதிரிப் படங்களில் எடுத்த செலவைவிடப் பல மடங்கு. 90 லட்சத்தில் எடுத்த படத்துக்குச் சில கோடி டாலர் விளம்பரம். அதையும் கழித்து, பங்குதாரர்களுக்குப் பிரித்து, பிறகு டிவி, டிஸ்க், ஆன்லைன் உரிமைப் பணத்தைச் சேர்த்தால்தான் லாபம் எவ்வளவு என்று தெரியும். நல்ல லாபம், சந்தேகமே இல்லை. முப்பது மடங்கு இல்லை.

இந்தக் கணக்கையாவது போட முடிகிறதே, அதற்காக அமெரிக்காக்காரனைப் பாராட்டுகிறேன். எந்த நாள் எவ்வளவு வசூல் என்பது அங்கே மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிடும். 2017 ஜனவரி 20-இல் ‘ஸ்ப்ளிட்’ வந்தது, முதல் வார இறுதியில் 4 கோடி டாலர், மூன்று வாரம் முதலிடம் என்று திண்டுக்கல்லில் உட்கார்ந்து நீங்கள் சொல்லலாம். போன வெள்ளிக்கிழமை உங்கள் ஊர் தியேட்டரில் ஓடிய தமிழ்ப் படத்தின் வசூலை உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. மூன்றாம் நாளே ‘100 கோடி’ என்று போஸ்டர் அடிக்கிறார்கள், விநியோகஸ்தர் நஷ்டஈடு கேட்டு வாசலில் நிற்கிறார். இரண்டு தரப்புமே ஒரு காகிதத்தையும் வெளியில் காட்டுவதில்லை. ஒவ்வொரு டிக்கெட்டும் கணினியில் பதிவாகி, அந்தக் கணக்கு யாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் எழுதி எழுதிச் சில தயாரிப்பாளர்களின் நட்பையே இழந்திருக்கிறேன். இழந்தது இழந்ததாகவே இருக்கட்டும், மறுபடியும் எழுதுவேன். பொய் போஸ்டரை நம்பித்தான் அடுத்தவன் பத்திரத்தைக் கொண்டுபோய் வைக்கிறான்.

‘நம்மவர்’ என்கிறீர்கள். சந்தோஷம். அம்மா தமிழ், அப்பா மலையாளி, பிறந்தது மாஹே, வளர்ந்தது பிலடெல்பியா பக்கம். 1992-இல் அவர் எடுத்த முதல் படம், ‘பிரேயிங் வித் ஆங்கர்’, சென்னையில்தான் எடுக்கப்பட்டது. சொந்தபந்தமும் நண்பர்களும் போட்ட பணம், அவரே கதாநாயகன். அது ஓடவில்லை. எத்தனை பேர் பார்த்திருப்போம்? ஜெயித்தபின் சொந்தம் கொண்டாடுவதில் நமக்கு நிகர் கிடையாது.

அவரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது வேறு, அதைப் பற்றி யாரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள். ‘தி விசிட்’, ‘ஸ்ப்ளிட்’ இரண்டு படத்திலும் அவருடன் இருந்தவர் தயாரிப்பாளர் ஜேசன் ப்ளம். சான் டியேகோவில் ஒருவர் தன் வீட்டுக்குள்ளேயே 15,000 டாலரில் எடுத்த ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’யைப் பிடித்து, பாரமவுண்ட் ஸ்டுடியோ வழியாக அது 19 கோடி டாலர் வசூலிக்கக் காரணமாக இருந்தவர். அவர் வழி எளிது. இடம் குறைவு, ஆள் குறைவு. நடிகருக்கும் இயக்குநருக்கும் கையில் கொடுப்பது யூனியன் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம். படம் இவ்வளவு வசூலைத் தாண்டினால் உங்களுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்து. அதாவது மேலே இருப்பவர்கள் தங்கள் சம்பளத்தை விட்டுக்கொடுத்துப் பங்குக்குக் காத்திருக்கிறார்கள். படம் தேறவில்லை என்று தெரிந்தால் பெரிய விளம்பரம் செய்து ஆயிரம் தியேட்டரில் இறக்கவும் மாட்டார்கள், சின்னதாக வெளியிட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். செலவு சின்னது என்பதால் வரும் சுதந்திரம் அது. அப்படியும் எல்லாம் ‘ஸ்ப்ளிட்’ ஆகிவிடுவதில்லை. ஷியாமளனே 2023-இல் 2 கோடி டாலரில் எடுத்த ‘நாக் அட் த கேபின்’ ஐந்தரைக் கோடியோடு நின்றது. மேலே சொன்ன தியேட்டர் கணக்கை அதற்கும் போட்டுப் பாருங்கள், வயிற்றைக் கலக்கும்.

நம் ஊரில் பல ‘சின்ன’ த்ரில்லர்களில் பட்ஜெட் எப்படிச் சின்னதாகிறது? நாயகனின் சம்பளத்தில் கை வைக்க மாட்டார்கள். உதவி இயக்குநருக்கு “படம் முடியட்டும் தம்பி” என்பார்கள். லைட்மேனின் பேட்டா அடுத்த ஷெட்யூலுக்குப் போகும். எடிட்டிங்கில் ராத்திரி பகலாக உட்கார்ந்த பையனுக்குப் பேலன்ஸ் டப்பிங் முடிந்ததும், டப்பிங் முடிந்தால் சென்சார் முடிந்ததும், சென்சார் முடிந்தால் போன் எடுக்க மாட்டார்கள். பேட்டா வராமல் அறை வாடகைக்குக் கடன் வாங்கும் உதவி இயக்குநர்கள் எழுதும் கடிதங்கள் எனக்கு வராத மாதமே இல்லை. பேர் போட வேண்டாம் சார், வாய்ப்பு போய்விடும் என்று கடைசி வரியில் எழுதியிருப்பார்கள். அந்தப் படமும் ஓடி, இயக்குநருக்குக் கார் பரிசளித்து, கார் சாவியோடு போட்டோவும் எனக்கு வருகிறது, பிரசுரிக்கச் சொல்லி. நான் போடுவதில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: செய்யலாம், தாராளமாகச் செய்யட்டும். பெரிய சம்பளக்காரர்கள் பங்குக்கு வரட்டும், லைட்மேனுக்கு அன்றைய பேட்டா அன்றைக்கே போகட்டும், வசூல் கணக்கு வெளியில் வரட்டும். ‘குறைந்த செலவில் எடுத்தோம்’ என்று அடுத்து எனக்குப் பிரஸ் நோட் அனுப்புகிற தயாரிப்பாளர், கூடவே தன் உதவி இயக்குநர்களுக்கும் லைட்மேன்களுக்கும் என்ன கொடுத்தார், எந்தத் தேதியில் கொடுத்தார் என்று ஒரு தாளில் எழுதி இணைக்கட்டும். கார் போட்டோ போடாத இதே பக்கத்தில் அந்தத் தாளை முழுசாகப் போடுகிறேன்.