முக்காடும் குப்பைமேடும்

அன்புள்ள ஐயா,

துருக்கி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 1937-லேயே மதச்சார்பின்மையை அரசியல் சாசனத்தில் எழுதிவைத்த நாடு. அங்கே போய் மதத்தை முன்வைக்கிற அதிபர் எர்டோகானுக்குத் திரும்பத் திரும்ப ஓட்டுப் போடுகிறார்களே! மத போதையில் ஏழைகள் தங்கள் தலையில் தாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. மதச்சார்பின்மை அங்கே தோற்றுவிட்டதா?

எம், மதுரை

அன்புள்ள எம்,

‘மத போதை’ என்று சொல்லிவிட்டால் நம் வேலை சுலபமாக முடிந்துவிடும். அதனாலேயே அந்த விளக்கத்தை நான் நம்புவதில்லை.

துருக்கியில் மதச்சார்பின்மை என்றால் அரசு மதத்தை விட்டு விலகி நிற்பது இல்லை. மதத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொள்வது. இமாம்கள் அரசு ஊழியர்கள், அரசுதான் சம்பளம் தருகிறது. 1932 முதல் பாங்கை, அதாவது தொழுகை அழைப்பைக்கூட துருக்கிய மொழியில்தான் சொல்ல வேண்டியிருந்தது: ‘அல்லாஹு அக்பர்’ போய் ‘தான்ரி உலுதுர்’. தாய்மொழியில் வழிபாடு நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும், தமிழில் அர்ச்சனை கேட்டவர்கள் நாம். ஆனால் அங்கே அதை மக்கள் கேட்கவில்லை, மேலிருந்து உத்தரவு வந்தது. 1950 மே மாதம் எதிர்க்கட்சியாக இருந்த மெண்டரஸ் கட்சி வென்றது. ஜூனிலேயே அரபு பாங்கு திரும்ப வந்துவிட்டது.

அப்புறம் முக்காடு. பல்கலைக்கழகத்தில் முக்காட்டுக்குத் தடை இருந்த காலத்தில், சில மாணவிகள் அதன் மேல் விக் மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள். 1999 மே 2 அன்று மெர்வே கவாக்சி என்ற புது எம்.பி. முக்காட்டுடன் நாடாளுமன்றத்துக்குள் வந்தார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டி ‘வெளியே, வெளியே’ என்று கத்தினார்கள். ‘இந்தப் பெண்ணுக்கு அவர் எல்லை எதுவென்று காட்டுங்கள்’ என்றார் பிரதமர் எஜெவிட். தாகூரை துருக்கிய மொழியில் பெயர்த்த கவிஞர் அவர், இடதுசாரி வேறு! கவாக்சி பதவியேற்காமலே வெளியேறினார். சில நாட்களில் குடியுரிமையும் போயிற்று. அனுமதியில்லாமல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியது காரணமாகச் சொல்லப்பட்டது. வீட்டில் அம்மாவும் அக்காவும் முக்காடு போடுகிற குடும்பம் இதை எப்படிப் பார்த்திருக்கும்? அவமானப்பட்டவர் கடவுள் இல்லை, அவர்கள் வீட்டுப் பெண்.

இதை மட்டும் சொன்னாலும் பாதிக் கதைதான். 1990-களின் தொடக்கத்தில் இஸ்தான்புல்லில் குழாயில் தண்ணீர் வராது, தெருவில் குப்பை மலையாகக் கிடக்கும். 1993-ல் அந்நகரின் உம்ரானியே பகுதியில் குப்பைமேடு வெடித்துச் சரிந்து குடிசைகளை மூடியது. 30 பேருக்கு மேல் செத்தார்கள். நகராட்சி அப்போது மதச்சார்பற்ற சமூக ஜனநாயகக் கட்சியின் கையில். மறு ஆண்டு எர்டோகான் மேயரானார். ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு ஓட்டுதான் வாங்கினார், எதிரணி ஓட்டு சிதறியது. ஆனால் வந்தபின் குப்பை போயிற்று, தண்ணீர் வந்தது. 2001-ல் வங்கிகள் கவிழ்ந்து துருக்கி நாணயமான லிரா சரிந்தது. 2002-ல் பழைய ஆளும் கட்சிகளை ஜனங்கள் கூண்டோடு வெளியேற்றினார்கள். அவருடைய கட்சிக்கு 34 சதவீத ஓட்டில் 550-ல் 363 இடங்கள். ஒரு கட்சி சபைக்குள் நுழையவே 10 சதவீத ஓட்டு வேண்டும் என்று சட்டம் இருந்தது, அதுவும் அவருக்கு வாய்ப்பாகப் போயிற்று.

இதையெல்லாம் சொல்வதால் எர்டோகானுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்திரிகையாளர்களைச் சிறையில் தள்ளிய ஆட்சி அது. அவருக்கு வாசலைத் திறந்துவிட்டவர்கள் யார் என்பதுதான் என் பேச்சு. எதிர்க்கட்சிக்கே இது தாமதமாகத்தான் உறைத்தது. 2022-ல் அதன் தலைவர் கிலிச்தாரோலு, முக்காடு விஷயத்தில் நாங்கள் தவறு செய்தோம் என்றார். மறு ஆண்டு அதிபர் தேர்தலில் அவர் தோற்றார். ஒரு மன்னிப்பில் எழுபது ஆண்டுக் கசப்பு போய்விடுமா என்ன?

சரி, மதச்சார்பின்மை தோற்றுவிட்டதா என்று கேட்டீர்கள். 2020-ல் எர்டோகான் இஸ்தான்புல்லில் அருங்காட்சியகமாக இருந்த ஹாகியா சோபியாவை மறுபடி மசூதியாக்கினார். மதம்தான் ஓட்டு என்றால் அதற்குப் பிறகு அவரை யாரும் அசைத்திருக்க முடியாது. 2024 மார்ச்சில் விலைவாசி ஒரே ஆண்டில் 68 சதவீதம் ஏறியிருந்தது. அந்த மாதக் கடைசியில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் 2019-லேயே கைவிட்டுப் போன இஸ்தான்புல் மறுபடி கிடைக்காதது மட்டுமா? அவருடைய சொந்த வீடு இருக்கிற உஸ்கூதார், முக்காட்டுப் பெண்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம் என்கிற பகுதி, அதுவும் எதிர்க்கட்சிக்குப் போயிற்று.

அன்புடன்.