சி ஷிஃப்ட் லாக் புக்கும் டாக்டர் பட்டமும்

அன்புள்ள அக்கா,

நான் கடலூர் சிப்காட்ல ஒரு கெமிக்கல் கம்பெனில ஹெச்ஆரா இருக்கேன், 14 வருஷம் ஆச்சு. வயசு 39. எம்பிஏ முடிச்சதுலேருந்தே டாக்டரேட் பண்ணணும்னு ஆசை. இப்ப க்ளோபல் லீடர்ஷிப் அண்ட் ஆர்கனைசேஷனல் சேஞ்ச்னு, அதாவது உலகளாவிய தலைமைப் பண்பும் நிறுவனத்துல மாத்தம் கொண்டு வர்றதும் பத்தின ஒரு டாக்டரேட் படிப்பு கண்ல பட்டுச்சு. வெளிநாட்டு யுனிவர்சிட்டி, முழுக்க ஆன்லைன், 18 மாசத்துல பேருக்கு முன்னாடி டாக்டர் போட்டுக்கலாம்னு ஒரு ஏஜென்சிலேருந்து தினமும் போன் வருது. ஃபீஸ் 6 லட்சம், இஎம்ஐ உண்டாம். பொண்ணு எட்டாவது படிக்குது, இந்த வயசுல உனக்கு எதுக்குடான்னு அம்மா கேக்கறாங்க.

எங்க ஹெட் ஆபீஸ் ஐரோப்பால இருக்கு. போன வருஷம் அங்கேருந்து ஷிஃப்ட் விவரத்த கம்ப்யூட்டர்ல பதியற ஒரு சாஃப்ட்வேர் வந்துச்சு, எல்லாருக்கும் ட்ரெய்னிங் குடுத்தோம், ஆனா ராத்திரி வேலைக்கு வர்ற சி ஷிஃப்ட் ஆப்பரேட்டருங்க மட்டும் இன்னும் பழைய லாக் புக்லயும் கையால எழுதிட்டு இருக்காங்க. புக்க எடுத்து பீரோல வச்சு பூட்டினோம், அவங்களே ஒரு நோட்டு வாங்கிட்டாங்க. இந்த மாதிரி ஆளுங்கள மாத்தறதுக்கும் படிப்பு உதவும்னு நெனைக்கறேன். சேரலாமா அக்கா?

கடலூர் முதுநகர் வாசகர்

தம்பி,

உங்க கடிதத்த மூணு தடவ படிச்சேன். மூணு தடவையும் கண்ணு அந்த நோட்டுல தான் போய் நின்னுச்சு. புக்க பூட்டி வச்ச பிறகும் சொந்தக் காசுல நோட்டு வாங்கி எழுதறாங்கன்னா அது வீம்பும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல, சோம்பேறியா இருக்கறவன் கம்ப்யூட்டர்ல ஒரு தடவ நோட்டுல ஒரு தடவன்னு ரெண்டு வேல பாக்க மாட்டான். அந்த நோட்டுல சாஃப்ட்வேர்ல இல்லாத ஏதோ ஒண்ணு இருக்கு. அது என்னன்னு கேக்கறது தான் நீங்க பண்ண வேண்டிய டாக்டரேட், போகிற போக்குல நாலு வரில எழுதிட்டு தாண்டிப் போயிட்டீங்க.

முதல்ல அந்த ஏஜென்சி விஷயத்த முடிச்சுடுவோம். சேராதீங்க. யுனிவர்சிட்டிங்களுக்கு விதி போடற மத்திய அமைப்பான யுஜிசி 2022-ல கொண்டு வந்த விதிப்படி பிஎச்டிக்கு ஆரம்பத்துல வகுப்புல படிக்கற கோர்ஸ் ஒர்க்கோட சேத்து குறைஞ்சது 3 வருஷம், 6 வருஷத்துக்குள்ள முடிக்கணும், மறுபதிவு பண்ணா இன்னும் 2 வருஷம் குடுப்பாங்க, ஆன்லைன்லயோ தொலைதூரக் கல்விலயோ பிஎச்டி கெடையாது. அதே வருஷம் அக்டோபர்ல யுஜிசியும் தொழில்நுட்பக் கல்விய கவனிக்கற ஏஐசிடிஇயும் சேந்தே அறிவிப்பு விட்டாங்க, ஆன்லைன்ல படிப்பு விக்கற எட்டெக் கம்பெனிங்க வெளிநாட்டு யுனிவர்சிட்டியோட கை கோத்து நடத்தற ஆன்லைன் பிஎச்டிக்கு அங்கீகாரம் இல்ல, விளம்பரத்த நம்பி ஏமாறாதீங்கன்னு. அமெரிக்கால பெப்பர்டைன் யுனிவர்சிட்டில க்ளோபல் லீடர்ஷிப் அண்ட் சேஞ்ச்னே முறையா ஒரு பிஎச்டி நடத்தறாங்க, அதனால படிப்போட பேர்ல தப்பில்ல. 18 மாசம்னு போன்ல சொல்றாங்க பாருங்க, எனக்கு அதுல தான் கோபம், பொண்ணு படிப்புக்கு வச்சிருக்கற காசு அது.

இப்ப படிப்புக்கு வர்றேன். நானும் வேல பாத்துக்கிட்டே பார்ட் டைம்ல தான் பிஎச்டி பண்ணேன், அஞ்சர வருஷம் ஆச்சு. ஆரம்பத்துல உலகமயமாக்கல், தலைமைப் பண்பு அப்படின்னு பெருசா ஒரு தலைப்பு எழுதி எடுத்துட்டுப் போனேன். கைடு அத ஓரமா வச்சுட்டு, "நாளைக்குக் காலைல எங்க போய் யார்கிட்ட என்ன கேக்கப் போறம்மா?"ன்னு கேட்டார். பதில் சொல்லத் தெரியல. மூணு மாசம் கழிச்சு ஒரு ஆஸ்பத்திரில காலைல ஏழு மணிக்கு வார்டு வாசல்ல நின்னேன், நைட் நர்ஸ் டே நர்ஸ்கிட்ட டூட்டி ஒப்படைக்கற அந்தப் பத்து நிமிஷம். ஃபார்ம்ல எல்லாக் கட்டத்துலயும் டிக் போட்டுட்டு, பேனாவ மூடிட்டு, கடைசில மெதுவா "ஆறாம் நம்பர் பெட் அம்மா ராத்திரி சரியா பேசல, ஒரு கண்ணு வச்சுக்க"ன்னாங்க. அதுக்கு ஃபார்ம்ல கட்டமே இல்ல. என் தீசிஸ் அந்த ஒரு வரிலேருந்து தான் ஆரம்பிச்சுது. உங்க சி ஷிஃப்ட் நோட்டுலயும் அப்படி ஒரு வரி இருக்கும்னு நெனைக்கறேன், பம்ப் சத்தம் வேற மாதிரி இருக்குங்கற மாதிரி ஏதாவது.

ஆளுங்கள மாத்தறதுன்னு எழுதியிருக்கீங்க, அங்க தான் எனக்கு உங்களோட ஒத்துப்போகல. நிறுவனத்துல மாத்தம் எப்படி வருதுன்னு பாக்கற இந்தத் துறையே அதுக்கு நேர் எதிரா தான் பொறந்துச்சு. கர்ட் லெவின்னு ஒரு உளவியலாளர், அமெரிக்கால வர்ஜீனியாவுல ஹார்வுட்னு பைஜாமா தைக்கற ஃபேக்டரில அவரோட ஆளுங்க ஆராய்ச்சி பண்ணாங்க, அங்க தைக்கறவங்க பெரும்பாலும் பொண்ணுங்க. கோச், ஃப்ரெஞ்ச்னு ரெண்டு பேர் 1948-ல அத எழுதினாங்க. வேலைல ஒரு சின்ன மாத்தம் வருது, ஒரு குழுவ உக்கார வச்சு விளக்கம் மட்டும் சொன்னாங்க, வேற குழுக்கள்கிட்ட மாத்தத்தையே அவங்கள வச்சு திட்டம் போட வச்சாங்க. விளக்கம் மட்டும் கேட்ட குழுவுல 40 நாளைக்குள்ள 17 சதவீதம் பேர் வேலைய விட்டுப் போயிட்டாங்க, உற்பத்தியும் ஏறல. தாங்களே திட்டம் போட்டவங்கள்ல அந்த 40 நாள்ல ஒருத்தர் கூட போகல, உற்பத்தியும் பழைய அளவத் தாண்டிடுச்சு. உங்க கம்பெனி குடுத்த ட்ரெய்னிங் எந்தக் குழுவுக்கு நடந்த மாதிரின்னு உங்களுக்கே தெரியும்.

க்ளோபல்ங்கற வார்த்த பத்தியும் சொல்லணும். ராபர்ட் ஹவுஸ் தலைமைல க்ளோப்னு ஒரு பெரிய ஆய்வு, 62 சமூகங்கள், சுமார் 17,000 பேர், இந்தியாவும் உண்டு, 2004-ல புத்தகமா வந்துச்சு. நல்ல தலைவன்னா யாருன்னு ஊருக்கு ஊர் எது மாறுது, எது மாறலன்னு பாத்தாங்க, கட்டாயம் படிங்க. ஆனா அவங்க கேட்டதெல்லாம் நடுமட்ட மேனேஜருங்ககிட்ட, அதுவும் உணவு, நிதி, டெலிகாம் கம்பெனிங்கள்ல. சிப்காட்ல ராத்திரி பத்து மணிக்கு உள்ள போற ஆப்பரேட்டர்கிட்ட அவங்க கேக்கல. அந்த எடம் உங்களுக்காக காலியா இருக்கு தம்பி.

எங்க ஊர் கதை ஒண்ணு, நீங்க பஸ்ல பாண்டி வர்றப்ப முதலியார்பேட்டைல ஏஎஃப்டி மில்ல தாண்டி தான வருவீங்க. 1936 ஜூலை 30 அன்னிக்கு இந்த ஊர் மில் தொழிலாளிங்க மேல துப்பாக்கிச் சூடு நடந்துச்சு, 12 பேர் செத்தாங்க, அடுத்த வருஷம் 8 மணி நேர வேல இங்க சட்டமாச்சு. அப்ப பாண்டி பிரெஞ்சு ஆட்சில இருந்துச்சு, பாரிஸ்ல பாப்புலர் ஃப்ரன்ட்னு இடதுசாரி கூட்டணி அரசாங்கம், இங்க தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா, நடுவுல மில் முதலாளிங்க, இவங்க எல்லாரும் சேந்து இழுத்த இழுப்புல தான் அது வந்துச்சு. ஹெட் ஆபீஸ் ஐரோப்பால இருந்தா என்னாகும்னு இந்த ஊர் எப்பவோ பாத்தாச்சு.

இதுல ஒரு சிக்கல் இருக்கு, தலைப்ப விட இது பெருசு. நீங்க ஹெச்ஆர். ஓவர்டைம் பேப்பர்ல நீங்க கையெழுத்து போடணும், கான்ட்ராக்ட் ஆள நீட்டிக்கணும்னாலும் உங்க டேபிள் தாண்டி தான் போகணும். நீங்க போய் ஏன் நோட்டுல எழுதறீங்கன்னு கேட்டா அத யாரும் ஆராய்ச்சியா எடுத்துக்க மாட்டாங்க, விசாரணன்னு தான் நெனைப்பாங்க, அன்னிக்கே நோட்டு காணாமப் போயிடும். பேர மறைக்கறேன்னு நீங்க சொன்னாலும் கொஞ்சம் பேரே இருக்கற ஷிஃப்ட்ல யார் சொன்னதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும். அதனால வேற கம்பெனில அனுமதி வாங்கி பண்ண முடியுமான்னு பாருங்க, இல்ல உங்க கம்பெனிலயே தான்னா அவங்க சொன்னது எதுவும் நிர்வாகத்துக்குப் போகாதுன்னு மேனேஜ்மென்ட்கிட்ட எழுத்துல வாங்கிட்டு இறங்குங்க. யுனிவர்சிட்டி எத்திக்ஸ் கமிட்டி கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே உங்கள இத கேட்டுக்கணும்.

மத்தபடி, எம்பிஏல 55 சதவீதம் இருக்கணும், வேலைல இருந்துட்டே பண்ண கம்பெனிலேருந்து ஆட்சேபணை இல்லன்னு என்ஓசி கடிதம் வேணும், கோர்ஸ் ஒர்க்குக்கு லீவு குடுப்பாங்களான்னு இப்பவே பேசி வைங்க. ஒரு ப்ரொஃபசர் ஒரே சமயத்துல 8 பேர், அசோசியேட் 6, அசிஸ்டென்ட் 4 பேர் வரைக்கும் தான் எடுக்கலாம், அதனால நல்ல கைடுகிட்ட எடம் கெடைக்கறதே கஷ்டம். காலாப்பட்டுல பாண்டிச்சேரி யுனிவர்சிட்டி, சிதம்பரத்துல அண்ணாமலை, ரெண்டு எடத்துலயும் டிபார்ட்மென்ட்டுக்கு நேர்ல போங்க, போன்ல கேக்காதீங்க. போறதுக்கு முன்னாடி ஷோத்கங்கான்னு இந்திய பிஎச்டி ஆய்வேடுகள சேத்து வச்சிருக்கற வெப்சைட்ல இந்தத் துறை தீசிஸ் மூணு எடுத்துப் படிங்க, காசு வேணாம், கடைசில இணைச்சிருக்கற கேள்வித்தாளையும் பாருங்க. ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் டிக் போடுங்கன்னு இருந்தா, உங்க ஆப்பரேட்டர் அதுல நோட்டப் பத்தி எங்க சொல்லுவார்னு யோசிச்சுப் பாருங்க.

அம்மா கேட்டதுக்கு, 39 ஒரு வயசே இல்லன்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க.

அதுக்கும் முன்னாடி பீரோலேருந்து அந்த லாக் புக்க எடுத்து சி ஷிஃப்ட்காரங்ககிட்ட திருப்பிக் குடுத்துடுங்க. எதுவும் கேக்க வேணாம், குடுத்துட்டு வந்துடுங்க. ஒரு மாசம் கழிச்சு என்ன ஆச்சுன்னு எனக்கு எழுதுங்க.

அன்புடன்
அக்கா