கையெழுத்துப் போட்ட தாய்மாமன்

கேள்வி: எனக்கு 48 வயது. சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் 24 வருஷமாக நிரந்தரத் தொழிலாளி. பத்து வருஷமாகச் சங்கக் கமிட்டியில் இருக்கிறேன். இப்போது ஒரு ஷிப்டை நிறுத்திவிட்டார்கள். பாதி மெஷின் வேறு மாநிலத்தில் திறந்த புது பிளான்டுக்கு லாரி ஏறிவிட்டது. வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) நோட்டீஸும் ஒட்டியாயிற்று. போன மாதம் அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பத்துப் பேர் முன்னால் அக்கா வீட்டுக்காரர், "கொடி பிடிச்சே கம்பெனியைத் தின்னுட்டீங்க" என்று சொல்லிவிட்டார். 2019 ஒப்பந்தத்தில் நிரந்தரக்காரர்களுக்கு ஆளுக்கு 8,500 ரூபாய் ஏற்றி வாங்கித் தந்தவர்கள் நாங்கள். புது ஆள் எடுப்பதை மட்டும் நிர்வாகத்தின் விருப்பத்துக்கு விட்டோம். அவருடைய மகன்கூட எங்கள் லைனில்தான் நாலு வருஷமாகக் கான்ட்ராக்டில் நிற்கிறான். அன்றிலிருந்து அந்த வீட்டுப் படி ஏறவில்லை. தொழிற்சாலைகள் மூடுவது சங்கத்தாலா? அவருக்கு என்ன பதில் சொல்வது?
— பெயர் வெளியிட வேண்டாம், ஓசூர்

பதில்: இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. அனுப்புகிறவர்களின் ஊர்தான் மாறும். ஆறுதலை எதிர்பார்த்து எழுதியிருந்தால் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள்.

முதலில் உங்கள் பெரிய கேள்வியை முடித்துவிடுகிறேன், அது சுலபமானது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா 2014 நவம்பரில் நின்றது வரித் தகராறில். கம்பெனியின் போன் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது அந்தத் தொழிற்சாலை மட்டும் விற்பனையில் சேராமல் நின்றுபோனது. தொழிலாளிகள் வேலை கொடு என்றுதான் தெருவில் நின்றார்கள். மறைமலை நகர் ஃபோர்டு மூடியது பல வருஷ நஷ்டத்தில். அமெரிக்காவில் 1979இல் சுமார் 1 கோடியே 95 லட்சம் பேர் தொழிற்சாலை வேலையில் இருந்தார்கள்; 2010இல் அது 1 கோடியே 15 லட்சம். அங்கேயும் சங்கத்தைத்தான் கை காட்டினார்கள். ஆனால் சங்கமே பெரிதாகத் தலையெடுக்காத அமெரிக்கத் தென் மாநிலங்களின் துணி ஆலைகளும் வரிசையாக மூடின. மெஷின் மாறியது, இறக்குமதி வந்தது, கூலி குறைந்த இடத்துக்கு முதலீடு நகர்ந்தது.

சங்கம் அடம்பிடித்து வேலை போனதே இல்லையா என்றால், அதுவும் உண்டு. 1982 ஜனவரியில் பம்பாய் மில் தொழிலாளர்கள் இரண்டரை லட்சம் பேர் வெளியே வந்தார்கள். அந்த வேலைநிறுத்தம் முறைப்படி முடித்துக்கொள்ளப்படவே இல்லை. அந்த மில்கள் அதற்கு முன்பே நோயாளிகள்தான், என்றாலும் திரும்பி வரும் வழியை வைத்துக்கொள்ளாமல் போனதை நான் நியாயப்படுத்த மாட்டேன். உங்கள் கம்பெனி மெஷின் ஏற்றுவதற்கு நீங்கள் கொடி பிடித்தது காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. சரி, அது போகட்டும்.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். "அவருடைய மகன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் உங்கள் அக்கா பெற்ற பிள்ளை ஐயா! உங்கள் மருமகன். காது குத்தும்போது யார் மடியில் உட்கார்ந்து அழுதான்? தாய்மாமன் மடியைத் தவிர வேறு மடியில் வைத்துக் காது குத்துகிற வழக்கம் உங்கள் பக்கத்தில் உண்டா? சீர் வரிசைத் தட்டை முன்னால் தூக்கிக்கொண்டு போனவர், கடிதத்தில் அவனை அவன் அப்பாவின் கணக்கில் எழுதி ஒதுக்கிவிட்டீர்கள்.

அவன் சம்பளம் எவ்வளவு என்று எழுதவில்லை. தெரியுமா உங்களுக்கு? ஓசூரில் ஒரு முறை மதிய ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரு கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றிருந்தேன். ஒரே கேட். ஒரு நிறச் சட்டைக்காரர்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் சாய்ந்தார்கள். இன்னொரு நிறச் சட்டையில் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள் ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டார்கள். டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "அவங்க பர்மனென்ட்டு, இவங்க கான்ட்ராக்ட்டு. வேலை ஒண்ணுதாங்க" என்றார். உங்கள் மருமகன் எந்த நிறச் சட்டை? கேன்டீனில் எந்த வரிசை? நாலு வருஷத்தில் ஒரு நாளாவது தட்டை எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தீர்களா?

இப்போது அந்த 2019 ஒப்பந்தத்துக்கு வருகிறேன். 8,500 ரூபாய் வாங்கினீர்கள், நல்லது. உழைத்தவன் கேட்டு வாங்குவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதற்குக் கொடுத்த விலை எது? புது ஆள் எடுப்பதை நிர்வாகத்திடம் விட்ட அந்த ஒரு வரி. ஏதோ டீச் செலவு மாதிரி "மட்டும்" என்று போட்டு எழுதுகிறீர்கள். உங்களுக்கு ஏறிய காசை அடுத்து வருகிற பையன்களின் கூலியில் பிடித்துக்கொள்ளலாம் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்த வரி அது. உள்ளே வந்துவிட்டவர்கள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டீர்கள். நாலு வருஷமாக நிற்கிறவன் அதற்குப் பிறகுதான் வந்திருக்கிறான். வெளியே நின்றவர்களில் ஒருவன் உங்கள் வீட்டுப் பிள்ளையாகிவிட்டான்.

நீங்கள் மட்டும் செய்ததில்லை, நாடு முழுக்க இதுதான். இன்று இந்தியத் தொழிற்சாலைகளில் நூறு தொழிலாளிகளில் நாற்பது பேருக்கு மேல் கான்ட்ராக்ட். சங்கம் ஆலையை மூடுகிறது என்று உங்கள் மாமா சொன்னதை நான் ஏற்கவில்லை. ஆனால் பாதி லைன் சந்தாப் புத்தகத்திலேயே இல்லாத சங்கம், மெஷின் லாரி ஏறும்போது எதைக் காட்டித் தடுக்கும்? கேட் முன்னால் உட்கார ஆள் வேண்டாமா? அந்தப் பையன்கள் ஏன் உங்களோடு உட்கார வேண்டும்?

உங்கள் மாமாவும் பொருளாதாரம் பேசவில்லை. மகன் நிரந்தரமாவான், மச்சான் கமிட்டியில் இருக்கிறான், பார்த்துக்கொள்வான் என்று நாலு வருஷம் வாய் திறக்காமல் காத்திருந்த மனுஷன் அவர். மெஷின் போகிறது என்று தெரிந்ததும் வெடித்துவிட்டார். இடம் தவறு, வார்த்தையும் தவறுதான். கோபம் தவறில்லை. நீங்களோ அதையே சாக்காக வைத்துப் படி ஏறாமல் இருக்கிறீர்கள். அக்கா வீட்டுப் படியை அக்கா புருஷன் பேச்சுக்காக விடுகிற தம்பிகளை எனக்குப் பிடிக்காது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பையனின் பி.எஃப். பாஸ்புக்கை எடுக்கச் சொல்லுங்கள். யு.ஏ.என். என்கிற பி.எஃப். அடையாள எண் ஒன்றுதான் இருக்கும், அதற்குக் கீழே எத்தனை கான்ட்ராக்டர் பெயர், எந்தத் தேதியில் சேர்த்து எந்தத் தேதியில் விலக்கினார்கள் என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 1981ஆம் வருஷச் சட்டம் 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கச் சொல்கிறது. கமிட்டிக்காரரான உங்களுக்கு இது தெரியாது என்று நான் நம்பமாட்டேன். அந்த 480 எட்டாமல் இருக்கத்தான் பெயர் மாற்றும் விளையாட்டெல்லாம். அவன் கான்ட்ராக்டர் ஆள் என்று கம்பெனி சொல்லும். வேலை சொன்ன சூப்பர்வைசர் யார், யார் மெஷின், எந்த லைன் என்பதற்குச் சாட்சி வேண்டும். அதே லைனில் நிற்கும் உங்களைவிட நல்ல சாட்சி எங்கே கிடைப்பார்? வேலைக்கு ஆபத்து என்பீர்கள். ஏற்கெனவே வி.ஆர்.எஸ். ஒட்டிவிட்டார்களே!

அந்தத் தாளிலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். கிராஜுவிட்டியும் பி.எஃப்.பும் எப்படியும் உங்களுடையவை. அவற்றையும் சேர்த்துக் கூட்டித்தான் பெரிய தொகையாகக் காட்டுவார்கள், கழித்துப் பாருங்கள்.

கமிட்டியின் அடுத்த கூட்டத்தில் கான்ட்ராக்ட் பையன்களுக்கும் சந்தா ரசீது போட வேண்டும் என்று எழுந்து சொல்லுங்கள். நாலு பேர் முறைப்பார்கள்.

அதற்கு முன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போங்கள். 2019 ஒப்பந்த நகலைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், அந்த வரியை மாமாவுக்கு நீங்களே வாசித்துக் காட்டுங்கள். பையனும் கூட இருக்கட்டும். அவர் திட்டுவார், திட்டட்டும். அக்கா இலை போட்டால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.