கன்சோல் ஸ்டீயரிங்: சுங்கை சிப்புட் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஐயா, கடைவீதியில் கார் விளையாட்டுக்கான பழைய லாஜிடெக் ஜி920 ஸ்டீயரிங் மலிவாகக் கிடைக்கிறது. வீட்டில் தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் பிளேஸ்டேஷன் 5 கன்சோல் உள்ளது. வாங்கலாமா?

வேண்டாம். ஜி920 எக்ஸ்பாக்ஸுக்கும் கணினிக்கும் உரியது; பிளேஸ்டேஷனுக்கு அதன் உடன்பிறப்பான ஜி29தான் வேண்டும். ஜி923 என்ற ஒரே பெயரில் இரண்டு தனித்தனி வகைகள் விற்கப்படுவதால், பெட்டியில் எந்தக் கன்சோலின் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பார்த்த பிறகே வெள்ளியை எடுங்கள். உரிமம் பெற்ற கருவியை மட்டுமே ஏற்கும்படி கன்சோல்கள் அமைக்கப்பட்டுள்ளன. ஆகவே விற்பவர் கணினியில் ஓட்டிக் காட்டுவது உங்களுக்குச் சான்றாகாது. ஃபானடெக் நிறுவனத்தின் ஸ்டீயரிங்கை வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது, அதில் பிளேஸ்டேஷனுக்கான அனுமதி மோட்டார் உள்ள அடிப்பாகத்திலும், எக்ஸ்பாக்ஸுக்கான அனுமதி கையில் பிடிக்கும் வட்டத்திலும் இருக்கிறது என்பதாகும்.

ஜி29 கிடைத்தால் கடையிலேயே மின்சாரம் கொடுத்துக் கன்சோலில் இணைத்துப் பாருங்கள். ஸ்டீயரிங் தானாகவே இரு பக்கமும் கடைசிவரை சுழன்று நடுவில் வந்து நிற்க வேண்டும். இடையில் திக்கினாலோ, பல்சக்கரம் அரைபடும் ஓசை வந்தாலோ விட்டுவிடுங்கள். அதன் மேலுள்ள சிறிய நகர்த்தும் பொத்தான் பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) பக்கம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

செம்பனை ஆலையில் வேலை செய்கிறேன். ஓய்வு நாளில் கிரான் டூரிஸ்மோ 7 என்னும் கார் பந்தய விளையாட்டை ஓட்டுகிறேன். ஸ்டீயரிங் கைக்குத் தரும் எதிர்விசையான போர்ஸ் ஃபீட்பேக்கை உச்சத்தில் வைத்தும் கார் எப்போது வழுக்கும் என்று தெரியவில்லை, கைதான் வலிக்கிறது.

எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. உச்சத்தில் வைத்திருப்பதுதான் காரணம். ஜி29 போன்ற பல்சக்கர ஸ்டீயரிங்கின் மோட்டார் ஏறக்குறைய 2 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையே (சுழற்றும் விசை) தரக்கூடியது. பல்சக்கரம் இல்லாமல் மோட்டாரே நேரடியாகச் சுழற்றும் ஃபானடெக் சிஎஸ்எல் டிடி 5 வரையும், கூடுதல் மின்கருவியுடன் 8 வரையும் தரும். விளையாட்டு கேட்கும் விசை மோட்டாரின் எல்லையைத் தாண்டும்போது, அதற்கு மேலுள்ள ஏற்ற இறக்கம் எல்லாம் வெட்டுப்பட்டுப்போகிறது. திருவிழா ஒலிபெருக்கியை முழு அளவில் வைத்தால் சொற்கள் சிதைந்து இரைச்சல் மட்டும் கேட்பது போல, உங்கள் கைக்குப் பாரம் வருகிறது, செய்தி வருவதில்லை.

அந்தச் செய்தி எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வளைவில் முன்சக்கரம் திரும்பும்போது, டயர் தன்னை நேராக்கிக்கொள்ள முயல்வதால் ஸ்டீயரிங் கனக்கிறது. ஆனால் டயரின் பிடிப்பு உச்சத்தை எட்டுவதற்குச் சற்று முன்பே இந்த நேராக்கும் விசை குறையத் தொடங்கிவிடும். ஆகவே கனத்துக்கொண்டே வந்த ஸ்டீயரிங் மெல்ல இலேசாகும் அந்த நொடியே, முன்பக்கம் வழுக்கப்போகிறது என்னும் எச்சரிக்கை. அப்போது மேலும் திருப்பாமல், வேகத்தைச் சற்றுக் குறைக்க வேண்டும். உச்ச அளவில் அந்த இலேசாதல் வெட்டுப்பட்ட பகுதிக்குள் மறைந்துவிடுகிறது.

விளையாட்டின் அமைப்பில் முறுக்குவிசைக்கும் உணர்திறனுக்கும் 1 முதல் 10 வரை எண்கள் உள்ளன. முறுக்குவிசையை 4 அல்லது 5க்கு இறக்கி, ஒரு நீண்ட வேக வளைவில் ஓட்டியபடியே உள்விளிம்பின் மேடான கோட்டில் சக்கரத்தை ஏற்றுங்கள். வளைவின் பாரத்துக்கு மேல் அந்தத் தடதடப்பு விரலுக்குத் தனியாகத் தெரிந்தால் அளவு சரி. தெரியாவிட்டால் இன்னும் ஒன்று குறையுங்கள். ஸ்டீயரிங்கை இறுகப் பிடிக்கவும் கூடாது. பின்பக்கம் வழுக்கும்போது அது தானாகவே எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதை உள்ளங்கையில் ஓடவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அண்ணா, ஜி29இன் பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் முழு அளவை எட்டவில்லை. நாற்காலிதான் பின்னால் ஓடுகிறது.

அந்தப் பெடலுக்குள் ஒரு ரப்பர் கட்டை இருப்பதால் கடைசிப் பகுதிக்கு நல்ல அழுத்தம் தேவை. அடியிலுள்ள பற்கள் தரைவிரிப்பைக் கவ்வுவதற்கானவை. நம் வீட்டுச் சிமெண்டுத் தரையிலும் ஓட்டுத் தரையிலும் அவை பயன்படாது. பெடலுக்கும் சுவருக்கும் இடையே ஒரு பலகையை முட்டுக்கொடுத்து, சக்கரமில்லாத நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மகன் இரவில் விளையாடும் ஓசை பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது. இடி மழையின்போது விளையாடலாமா?

பழைய லயத்து வீடுகளில் நடுச்சுவர் பலகை என்பதால், பல்சக்கர ஓசை மேசை வழியாகச் சுவருக்குப் பரவும். மேசையைச் சுவரிலிருந்து நகர்த்தி, அதன் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பைப் போடுங்கள். மேலே சொன்னபடி விசையைக் குறைத்தாலும் ஓசை தணியும். இடி முழங்கினால் விளையாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஸ்டீயரிங், கன்சோல், தொலைக்காட்சி ஆகியவற்றின் பிளக்குகளோடு இணையக் கம்பியையும் கழற்றிவிட வேண்டும், ஏனெனில் மின்னல் அந்த வழியாகவும் உள்ளே வரும்.